குழாயோடு ஏறிய ஐந்து நாள்

மார்ச் 3, திங்கள்

காலையில் காற்றே இல்லை. பதினோரு மணிக்குள் பதினாறு சுமை ஏற்றியாகிவிட்டது. கம்பிக் கட்டு ஒன்பது, மீதி பலகையும் சாரக் குழாயும். பதினேழாவதை இறக்கி வைத்த கையோடு இடது விலாவுக்குக் கீழே ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி எதுவோ உள்ளே முறுக்கியது. ஒரு நிமிஷத்தில் சட்டை நனைந்துவிட்டது. க்ரேன் கேபினுக்குள்ளேயே வாந்தி. கேபின் என்ன பெரிய கேபின். ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு லீவர், காலடியில் கண்ணாடி. அந்தக் கண்ணாடி மேல்தான் எடுத்தேன். அதற்குக் கீழே அறுபது மீட்டரில் விசில் அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னடா காக்கா, ஏன் நின்னுட்ட?" என்று வாக்கிடாக்கியில் கேட்டார்.

"முடியலண்ணே."

பதினோரு வருஷத்தில் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கீழே சுமையைக் கட்டுவதும், எங்கே வைப்பது என்று சொல்வதும் அவர் வேலை. ஏணி ஏற வேண்டிய ஆளே இல்லை. ஐம்பத்திரண்டு வயசு. ஆனாலும் ஏறி வந்தார். எனக்கு ஒரு படி கீழே இருந்துகொண்டு, என் ஒவ்வொரு காலையும் கையால் பிடித்துப் படியில் வைத்து வைத்து இறக்கினார். இருபது நிமிஷ இறக்கம் முக்கால் மணி ஆயிற்று. நடுவில் ஏணி மாறுகிற ஒரு தட்டில் உட்காரவைத்து, "குழந்தை பொறக்கிறப்ப என் பொண்டாட்டி கூட இவ்வளவு சத்தம் போடலடா" என்றார். சிரிக்கப் போய் இன்னும் வலித்தது.

ஒன்றுக்குப் போனால் டிகாஷன் நிறம்.

மார்ச் 5, புதன்

கல். பதினொரு மில்லிமீட்டர். சிறுநீரகத்திலிருந்து இறங்கி வந்து பாதி வழியில் அடைத்துக்கொண்டு நிற்கிறதாம். டாக்டரம்மா படத்தில் காட்டினார். அரிசி மணி மாதிரி ஒரு வெள்ளை. இதுவா அப்படி முறுக்கியது?

"வேலை நாள்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"ஒரு டம்ளர்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இறங்கி ஏற நாற்பது நிமிஷம் ஆகும், அதுவரை கீழே அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று சொன்னேன். குடிக்காமல் இருந்தால் இறங்க வேண்டியதில்லை. க்ரேன் ஓட்டுகிற எல்லோரும் செய்வதுதான். பெருமையாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. அவர் முகம் மாறவில்லை.

நாளை காலை ஆபரேஷன்.

மார்ச் 7, வெள்ளி

கல் போய்விட்டது. கீழ் வழியாகவே கம்பி மாதிரி ஒன்றை விட்டு, லேசரில் பொடித்து எடுத்துவிட்டார்கள். உடம்பில் ஒரு தையல்கூட இல்லை. ஆனால் உள்ளே ஒரு குழாயை வைத்திருக்கிறார்கள். ஸ்டென்ட். சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பை வரை. இரண்டு முனையும் சுருண்டிருக்குமாம், நழுவாமல் இருக்க. கல் இருந்த இடம் வீங்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அது. மூன்று வாரம் கழித்து, 27ஆம் தேதி, எடுப்பார்கள்.

"குழாய் இருக்கறது சிலருக்குத் தெரியவே தெரியாது. சிலருக்கு ரொம்பத் தெரியும். உங்களுக்கு எப்படின்னு போகப் போகத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா.

கம்பெனிக்குக் கொடுக்க இரண்டு தாள் தந்தார்கள். முதல் தாளில் ஆபரேஷன் நடந்தது, பத்து நாள் ஓய்வு. இரண்டாவதில், குழாய் எடுக்கும் வரை ஏணி ஏறக்கூடாது, உயரத்தில் வேலை கூடாது, இயந்திரம் இயக்கக்கூடாது.

வரும்போது பஸ்ஸில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே ஏதோ குத்தியது. பக்கத்தில் என் மனைவி. இவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மார்ச் 8, சனி

எனக்கு ரொம்பத் தெரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை. கல் வலி வந்தால் உயிர் போகும், அப்புறம் விட்டுவிடும். இது விடுவதே இல்லை. எப்போதும் முட்டிக்கொண்டு வருகிற மாதிரியே இருக்கிறது. ஓடினால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டு முடிகிற நேரத்தில் முதுகு வழியாக மேலே ஒரு அடி, சிறுநீரகத்தையே யாரோ உள்ளே இருந்து குத்தின மாதிரி. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டுகிறது. இன்றைக்கு இருபத்தாறு தடவை. கடைசி எட்டும் ரத்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ், "காய்ச்சல் இருக்கா? இல்லையா? அப்ப இது சகஜங்க. நிறையத் தண்ணி குடிங்க, மாத்திரை போடுங்க" என்றாள். நல்ல பெண்தான். ஆனால் சகஜம் என்றால் என்ன அர்த்தம்? எல்லோருக்கும் வலிக்கும் என்றால் எனக்கு வலி குறைந்துவிடுமா?

இவளிடம் எரிந்து விழுந்தேன். குளியலறைக் கதவைத் தட்டி "ஏங்க, ஆச்சா?" என்றாள், அவ்வளவுதான். பாவம்.

மார்ச் 11, செவ்வாய்

சைட் எஞ்சினியர் பேசினார். எனக்குப் பதிலாகப் பக்கத்து சைட்டிலிருந்து ஒருவரை வரவழைத்திருக்கிறார்களாம். "அவர் நல்லாத்தான் ஓட்டுறார். நீங்க நிதானமா வாங்க."

நிதானமா வாங்க.

அந்த மெஷினை இந்த இடத்தில் நிறுத்தின நாளிலிருந்து வேறு எவன் கையும் பட்டதில்லை. வலது லீவர் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கும். அது எனக்குத் தெரியும். அவனுக்கு யார் சொல்வார்கள்?

மார்ச் 13, வியாழன்

விசில் அண்ணன் பார்க்க வந்தார், அண்ணியோடு. அண்ணி ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்தார். அண்ணன் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"புதுசா வந்தவன் கிட்ட கத்திக் கத்தியே என் தொண்டை போச்சுடா. ரெண்டு அடின்னா நாலு அடி நகத்துறான். மெதுவான்னா நிறுத்திடுறான். எப்ப வர்ற நீ?"

"டாக்டர் பத்து நாள்னு சொல்லியிருக்காங்க."

"உள்ள ஏதோ ட்யூப் இருக்குன்னு சொன்னாங்களே, அது?"

"அதையும் எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டே வா. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு அவரே, "ஆனா சீக்கிரம் வா" என்று சொல்லிச் சிரித்தார். அவர்கள் இருந்த அரை மணிக்குள் மூன்று தடவை எழுந்து போனேன். மூன்றாவது தடவை வந்தபோது அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

மார்ச் 15, சனி

நினைத்துப் பார்த்தால் வலி முன்னைவிடக் குறைவுதான். குறைவா? பழகிவிட்டதா? உட்கார்ந்தே இருந்தால் பரவாயில்லை. க்ரேனிலும் உட்கார்ந்துதானே இருக்கப் போகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

கம்பெனிக்கு முதல் தாளை மட்டும் கொடுப்பதாக முடிவு. இவளிடம் இரண்டையும் கொடுத்துவிட்டதாகவும், கீழே ஆபீசில் உட்காரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னேன். "நல்லவேளை" என்றாள். இரண்டாவது தாள் இந்த நோட்டின் அட்டைக்குள் இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

ஏறிவிட்டேன்.

ஆறு தட்டிலும் நின்று நின்று. ஒவ்வொரு படிக்கும் காலைத் தூக்கும்போது உள்ளே அந்தச் சுருள் உரசுவது தெரிகிறது. கற்பனை இல்லை, தெரிகிறது. மேலே போய்ச் சேர்ந்ததும் பாட்டிலில் போனேன். சிவப்பு.

ஏறுவதற்கு முன்னால் அண்ணன் ஏணிக்கடியில் நின்றிருந்தார். தோளில் கை போட்டார்.

"ட்யூப் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுண்ணே. வெள்ளிக்கிழமையே."

வாய் கூசவில்லை. கிழமையோடு சொன்னேன். அவரும் நம்பினார், ஏன் நம்பமாட்டார்? "அப்ப ஏறு காக்கா, உன் கூடு காலியா இருக்கு" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டுக்கே கண் இருட்டியது. சிரித்தேன்.

இருபத்திரண்டு சுமை. ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு பாட்டில் கொண்டுபோனேன். டாக்டரம்மா சொன்னபடி தண்ணீர் குடித்தால் பாட்டில் போதாது. குடிக்காவிட்டால் எரிகிறது. பாதிப் பாதி.

வீட்டுக்கு வந்து தரையில் படுத்துவிட்டேன். "ஆபீஸ் வேலைக்கே இப்படியா?" என்றாள். "நாற்காலி சரியில்லை" என்றேன். பொய்க்குப் பொய் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 19, புதன்

அண்ணன் கேட்டார்: "ஏண்டா ஏணியில அத்தனை தடவை நிக்கிற?" பத்து நாள் படுத்ததில் கால் மறந்துவிட்டது என்றேன்.

திடீரென்று வருகிறது அது. முட்டுவது போல ஆரம்பித்து, அடிவயிறு முழுக்கச் சுருட்டி இழுக்கிறது. பத்து எண்ணுவதற்குள் போய்விடும். இன்றைக்கு நாலு தடவை. நாலு தடவையும் கொக்கி காலியாக இருந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். எழுதும்போது கை நின்றுவிட்டது. அதிர்ஷ்டத்தை நம்பியா ஓட்டுகிறேன்?

மார்ச் 20, வியாழன்

இன்னும் ஒரு வாரம்தான். ஏழு நாளை ஓட்டிவிடலாம்.

மார்ச் 21, வெள்ளி

அண்ணன் கால்.

மார்ச் 22, சனி

எழுதித்தான் ஆக வேண்டும். இங்கேயாவது.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு படிக்கட்டுத் துண்டு. வார்த்து வைத்த கான்கிரீட், இரண்டரை டன். ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக் கூண்டுக்குள் இறக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் கடைசிச் சுமை. அதைத் தூக்கும் முன்பே முட்டிக்கொண்டு இருந்தது. இரண்டு பாட்டிலும் நிறைந்துவிட்டது. முடித்துவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். சுமை தொங்கும்போது லீவரிலிருந்து கையை எடுக்கக்கூடாது. எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம்.

அண்ணன் ஒன்பதாவது மாடியில் இருந்தார். தூணுக்குப் பக்கத்தில். எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் நின்றார்.

"கீழ... கீழ... இன்னும் ரெண்டு அடி. இடப்பக்கம் கொஞ்சம். போதும். மெதுவா..."

அந்த 'மெதுவா'வில் வந்தது. இதுவரை வந்தது போல இல்லை. உடம்பு ரெண்டா மடங்கிடுச்சு. நெத்தி போய் முன்னாடி கண்ணாடியில மோதிச்சு. இடது கை — கை லீவரோடவே போச்சு. விட்டிருந்தா அது தானா நடுவுக்கு வந்து நின்னிருக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க அந்த லீவரை. ஆபரேட்டருக்கு ஏதாவது ஆனா மெஷின் நிக்கணும்னுதான். நான் விடல. வலியில இறுக்கிப் பிடிச்சுட்டேன்.

"டே, டே, டே..."

அவ்வளவுதான் வாக்கிடாக்கியில். அப்புறம் அவர் குரலே இல்லை. வேறு யார் யாரோ கத்தினார்கள். காலடிக் கண்ணாடியில் பார்த்தேன். படிக்கட்டுத் துண்டு தூணோடு ஒட்டி நின்றது. நடுவில் மஞ்சள் தொப்பி.

அதற்குப் பிறகு அதை நான்தான் நகர்த்த வேண்டியிருந்தது. வேறு ஆளில்லை. ஒரு அங்குலம், ஒரு அங்குலமாக. அப்போது கை நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்போது வலியே இல்லை.

இறங்கி வந்தபோது பேண்ட் முழுக்க நனைந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. பயத்தில் என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது கால். இவள் அண்ணியோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அன்றைக்கு ஓட்டினது அந்தப் புது ஆள் என்றுதான் இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் போகவில்லை. குழாய் வலி என்று சொன்னேன். உண்மைதான், வலிக்கிறது. உண்மையைச் சொல்லிப் பொய் சொல்ல முடிகிறது.

மார்ச் 24, திங்கள்

விசாரணை. பாதுகாப்பு அதிகாரியும் சைட் எஞ்சினியரும் மேஜைக்கு அந்தப் பக்கம். மெஷின் பழசு, எதையும் பதிவு செய்து வைக்காது. மாடியில் இருந்தவர்கள் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார்களாம். என்ன நடந்தது என்று நான் சொன்னால்தான் உண்டு.

"திடீர்னு காத்து அடிச்சுதா?" என்று எஞ்சினியர்தான் எடுத்துக்கொடுத்தார்.

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை வைத்து ஒரு பக்கம் எழுதிவிட்டார்கள். திடீர்க் காற்றில் சுமை ஆடியது. சிக்னல் காட்டுபவர் சுமைக்கும் தூணுக்கும் நடுவே, நிற்கக்கூடாத இடத்தில் நின்றிருந்தார். "அவர் அங்க நிக்கல சார்" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், அப்போது சுமை எப்படி அங்கே போனது என்று அடுத்த கேள்வி வரும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படித்துப் பார்த்தேன். போட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

முப்பத்தோரு தடவை. ரத்தம்.

வலிக்கட்டும் என்று மாத்திரை போடாமல் இருந்து பார்த்தேன். மூன்று மணி நேரம் தாங்கினேன். பிறகு போட்டுக்கொண்டேன். என்னைத் தண்டித்துக்கொள்வதில்கூட நான் அரைகுறை.

மார்ச் 27, வியாழன்

குழாயை எடுத்துவிட்டார்கள். மரத்துப்போக ஏதோ பசை மாதிரி விட்டு, ஐந்து நிமிஷம். உருவும்போது குடலே சேர்ந்து வருகிற மாதிரி இருந்தது. டாக்டரம்மா தட்டில் போட்டுக் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே, மெல்லிசு, பச்சை நிறம். கீழ்முனைச் சுருளில் உப்புப் பொருக்கு. இதற்குத்தானா?

மத்தியானத்துக்கு மேல் ஒன்றுக்குப் போனேன். எரிந்தது. ஆனால் அந்த முதுகு அடி இல்லை. சுவரைப் பிடிக்காமல் நின்றேன். உடம்பு முழுக்க ஒரு லேசு வந்தது, சிரிப்பு மாதிரி. உடனே அண்ணன் ஞாபகம். உடம்புக்கு வெட்கமே கிடையாது.

கிளம்பும்போது நர்ஸ் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "க்ரேன் ஓட்டுறவரா நீங்க? ட்யூப்போட மேல ஏறலையே?" என்று கேட்டாள். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். இவள் பக்கத்தில் நின்றிருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பியே உட்கார்ந்து வந்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

மூன்று நாளாக உப்பு, தண்ணீர் என்பதைத் தவிர பேச்சில்லை. இன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"நீங்க ஆபீஸ்ல உட்காரல, இல்ல?"

"இல்ல."

"அந்த ரெண்டாவது பேப்பர்?"

எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கவில்லை.

"அன்னைக்கு காத்து அடிச்சதா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அன்னைக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு ரொட்டிக் கடையில லீவு. மொட்டை மாடியில துணி காயப்போட்டிருந்தேன். க்ளிப்கூட மாட்டல. ஒரு துணி கீழ விழல." இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆஸ்பத்திரியில அந்த அக்கா என் தோள்ல சாஞ்சுதான் அழுதாங்க. 'அவர் கவனக்குறைவா நின்னுட்டாராம்'னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. நானும் 'விடுங்க அக்கா'ன்னு சொன்னேன். என்னையும் சேர்த்துப் பொய் சொல்ல வெச்சுட்டீங்களே."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

சொல்லத்தான் போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகக் கிடந்தது. முகம் சிறுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"வாடா. ஏன் வரவேயில்ல? உன்னை ஏதும் திட்டினாங்களா?"

"இல்லண்ணே."

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லடா. தப்பான இடத்துல நின்னுட்டேனாம். முப்பது வருஷம் எல்லார்கிட்டயும் 'அங்க நிக்காத, அங்க நிக்காத'ன்னு கத்தினவன் நான். எப்படிப் போய் நின்னேன்னு தெரியல. யோசிச்சு யோசிச்சு மண்டையே வெடிக்குது." என் கையை அழுத்தினார். "என்னால உனக்குக் கெட்ட பேரு. மனசுல வெச்சுக்காத."

தண்ணீர் கொடுத்தேன். தலையணையைச் சரிசெய்தேன். வந்துவிட்டேன். இன்றைக்குச் செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். அன்றைக்காவது வலி இருந்தது. இன்று என்ன இருந்தது?

ஏப்ரல் 3, வியாழன்

இரண்டாவது தாளைக் கொண்டுபோய்ப் பாதுகாப்பு அதிகாரியின் மேஜையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"முடிஞ்சுபோன விஷயம். இப்ப எதுக்கு இதைக் கொண்டு வர்றீங்க?"

"அவர் சரியான இடத்துலதான் நின்னார் சார். காத்து இல்ல. எனக்கு வலி வந்துச்சு."

"யோசிச்சுத்தான் பேசுறீங்களா? எழுதினா எழுதினதுதான்."

"எழுதுங்க."

பேனா மூடியைத் திறந்துவிட்டு, திரும்பவும் மூடிவிட்டு, என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. எழுதினார். இரண்டு மணி நேரம். முன்பு எழுதினபடி இருந்தால் அண்ணனுக்குக் கம்பெனியிலிருந்து எதுவும் கிடைத்திருக்காது, தவறு அவருடையது என்று இருந்ததால். இனிமேல் கிடைக்கும். அதைச் சொல்லிவிட்டு, "உங்களுக்குத்தான்..." என்று நிறுத்திக்கொண்டார். கேபின் சாவியையும் ஆபரேட்டர் அட்டையையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, சனி

அவரிடம் நானே சொல்ல வேண்டும், வேறு யார் வாயாலும் கேட்கக்கூடாது என்று காலையிலேயே போனேன். அண்ணி இருந்தார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், ரத்தம், கையை விடாமல் பிடித்தது, கையெழுத்து.

அண்ணன் போர்வையின் தட்டையான பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். அண்ணி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"ட்யூப் எடுத்தாச்சுன்னு சொன்னியே."

"ஆமாண்ணே."

"வெள்ளிக்கிழமைன்னு கிழமைகூட சொன்னியே."

"ஆமா."

"'வலிக்குது, எடுக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உன்னை ஏற விட்டிருப்பேனா? அன்னைக்குத் தூக்கிட்டு இறங்கினவன்தானே நான்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே,

"நீங்க கிளம்புங்க" என்றார்.

நீங்க. பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 22, செவ்வாய்

லைசென்ஸ் ரத்து. இனிக் கிடைக்காது.

மே 9, வெள்ளி

டயர் கோடவுனில் சேர்ந்தேன். வருவதை அடுக்குவது, போவதை எண்ணுவது. தரை வேலை. பத்தடியில் கழிப்பறை. நாளுக்கு மூன்று லிட்டர் குடிக்கிறேன். வலி என்று இப்போது எதுவும் இல்லை. நான் யாரிடமும் எங்கே வேலை பார்த்தேன் என்று சொல்வதில்லை.

இவள் பேசுகிறாள். முன்போல இல்லை, ஆனால் பேசுகிறாள். வாரம் இரண்டு நாள் அண்ணி வீட்டுக்குப் போய் வருகிறாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை.

மே 31, சனி

பக்கத்துத் தெருவில் அவர் வீடு. கோடவுனுக்குச் சுற்றுவழியாகப் போகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணி போன் செய்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் குரல். சுற்றிவளைக்கவில்லை.

"வியாழக்கிழமை அவருக்குச் செயற்கைக் கால் அளவு எடுக்கணும். டாக்ஸியில காலை நீட்டி உட்கார முடியல. உங்க வீட்டம்மா வேலை பார்க்கற ரொட்டிக் கடையில வேன் இருக்காமே. கிடைக்குமா?"

"கிடைக்கும் அண்ணி. ஓட்ட ஆள்..."

"ஆள் இருந்தா சரி" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

பத்து மணிக்குப் போனேன். இவள் முன்னாடியே அங்கே இருந்தாள். அண்ணன் ஊன்றுகோலில் வாசல் வரை வந்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். வேனின் பின்கதவு பக்கம் வந்து நின்றார். இருக்கையைக் கழற்றி மெத்தை போட்டு வைத்திருந்தேன். அண்ணி தாங்க, அவர் ஏறினார். என் கை பாதி நீண்டு நின்றுவிட்டது.

இவள் வீட்டைப் பார்த்துக்கொள்ள அங்கேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வண்டியை நடக்கவிட்டேன்.

அங்கே ஒரு டெக்னீஷியன், சுறுசுறுப்பான ஆள், பேர் வயசெல்லாம் எழுதிக்கொண்டு, "கூட வந்திருக்கறவங்க யாரு?" என்று கேட்டார்.

"என் வீட்டம்மா" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் பார்க்காமல், "அவர் வேன் ஓட்டுறவர்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம். கதவு சரியாகச் சாத்தவில்லை. மாவுக்கட்டு போட்டு அச்சு எடுக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு கேட்டது. "வலிச்சா சொல்லுங்க சார், நிறுத்துறேன்" என்றார் டெக்னீஷியன். "வலிக்குது. நிறுத்துங்க" என்றார் அண்ணன், உடனே. நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

திரும்பும்போது ஒரு சிக்னலில் நின்றிருந்தோம். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"உங்களுக்கு இப்ப வலி ஏதும் இருக்கா?"

"இல்ல அண்ணே."

"எனக்குப் பாதம் வலிக்குது. கட்டைவிரல். அங்க ஒண்ணுமே இல்ல, வலிக்குது. டாக்டர் கிட்ட சொன்னா சகஜங்கறார்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டு வாசலில் இறங்கி, ஊன்றுகோலைச் சரியாக வைத்துக்கொண்டு, "அடுத்த வியாழனும் வரச் சொல்லியிருக்காங்க. பத்து மணிக்கு" என்றார். அண்ணியிடம் சொன்னாரா, என்னிடமா, தெரியவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

வேனைக் கடையில் விடும்போது அடுத்த வியாழனுக்கும் சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.